அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்ன சாப்பிட்டார்?

கேள்வி: நான் 11 ஆண்டுகளாகப் பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு என் தம்பி குடும்பத்தோடும் எங்கள் அம்மாவோடும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான். எல்லோரையும் சுரவோங் சாலையிலுள்ள புகழ்பெற்ற சொம்பூன் கடலுணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம் என்பதால் வெள்ளிக்கிழமை மாலை போனோம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அசைவம் தொடமாட்டார். அதனால் பிள்ளைகளுக்கு நண்டு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பில் 7,200 பாட். தம்பி பணப்பையை எடுக்கவே இல்லை. அவன் ஊர் திரும்பிவிட்டான். அம்மா இன்னும் ஒரு மாதம் என்னோடு இருப்பார். உறவு கெடாமல் பாதிப் பணத்தை எப்படிக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாங்காக்

பதில்: பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீங்கள் மூத்தவர், அழைத்தவரும் நீங்களே. தாய்லாந்தில் ஒரு மேசையில் மூத்தவரோ அழைத்தவரோ பணம் கொடுப்பதுதான் வழக்கம் என்பது 11 ஆண்டுகளாக அங்கே வாழும் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊரிலும் வீடு தேடி வந்த தம்பியிடம் சாப்பாட்டுக்குக் கணக்குக் கேட்பவர் அண்ணன் ஆகமாட்டார். கேட்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்தி. பில் தொகையை நினைவு வைத்திருக்கிறீர்கள், தம்பியின் கை பணப்பைக்குப் போகாததையும் கவனித்திருக்கிறீர்கள். அம்மா அன்றிரவு என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை.

அவர் தட்டில் என்ன இருந்திருக்கும் என்று நானே எண்ணிப் பார்க்கிறேன். தாய்லாந்து மேசையில் உணவுகளை நடுவில் வைத்து, ஆளுக்கு ஓரிரு கரண்டியாக எடுத்துச் சோற்றோடு உண்பார்கள். உங்கள் மேசையின் நடுவில் இருந்த நண்டும் மீனும் அவருக்கு அன்று விலக்கு. கீரை வதக்கலிலும் பெரும்பாலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ விழுந்துவிடும். சீன பௌத்தர்களின் சைவ உணவை அங்கே 'ஜே' என்பார்கள்; மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அதைத் தொங்கவிட்ட கடைகளை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். பரிமாறுபவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லி, அவருக்கென்று ஏதாவது சமைத்துத் தர முடியுமா என்று கேட்டீர்களா? முடியாது என்றிருந்தால், பத்து நிமிடத் தொலைவில் சிலோம் சாலை மாரியம்மன் கோயில் பக்கம் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். அம்மாவுக்கு முதலில் அங்கே உணவு கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இவற்றில் எதையாவது செய்திருந்தால் அதையும் கணக்கோடு கணக்காக எழுதியிருப்பீர்கள். எனவே செய்யவில்லை என்றே கொள்கிறேன்.

அவர் தூத்துக்குடிக்காரர். அத்தனை பேருக்கும் ஓடு உடைத்துச் சதையை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த கை, நண்டைச் சுவைத்து வளர்ந்த கை. கறிப்பொடியும் முட்டையும் பாலும் சேர்த்துக் கிளறிய அந்த நண்டின் மணம் முகத்தில் அடிக்க, விரல்களில் குழம்பு படிய, ஒரு வாய்கூட உண்ணாமல் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறார். அந்த உணவகத்தில் ஓடு நீக்கிய நண்டுச் சதையிலேயே அதைச் செய்து தருவார்கள். கேட்டிருந்தால் அம்மாவின் கைகளுக்கு வேலையே இருந்திருக்காது. வளர்ந்த இரண்டு மகன்களும் மருமகளும் இருந்த மேசையில் ஒருவருக்குக்கூட "போதும் அம்மா, கொடுங்கள், நான் உடைக்கிறேன்" என்று சொல்லத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விரதம் அவர் ஆயுள் முழுக்கக் கடைப்பிடிப்பது. அதை அறிந்தே, உங்களுக்கு இடம் கிடைக்கும் வசதிக்காக அந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள். கூட்டம்தான் தடையென்றால் திங்கள், புதன், வியாழன் இருந்தன. "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்" என்று அவர் சொல்லியிருப்பார். நம் தாய்மார்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு பசியாறிவிடுவதை நான் மன்னிக்கக்கூடியதாகக் கருதவில்லை. பெற்றவரின் வயிறு நிறைந்ததா என்று பார்த்துவிட்டுத் தட்டில் கைவைப்பது பிள்ளையின் கடமை. அது நாம் அவர்களுக்குக் காட்டும் பெருந்தன்மை அல்ல.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அமாவாசை, கிருத்திகை என்று அவர் எந்தெந்த நாளில் அசைவம் விலக்குவார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, வேறொரு நாளில் அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஓடு நீக்கிய நண்டும், எலுமிச்சைச் சாறு ஊற்றி அவித்த கொடுவா மீனும் சொல்லுங்கள். காரம் எவ்வளவு வேண்டும் என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் ஓட்டோடுதான் வேண்டும் என்றால் உடைப்பது உங்கள் வேலை. அதற்கு முன் தம்பிக்குத் தொலைபேசி செய்து, பணப் பேச்சை எடுக்காமல், அன்று அம்மாவைப் பசியோடு உட்காரவைத்துவிட்டு நாம் எல்லோரும் சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள். அந்த மேசையில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.