156 எப்படி 143 ஆனது?

கேள்வி: 12 ஆரம்ப சுகாதார நிலையங்களில், நிலையத்துக்கு 50 பேர் வீதம், பி.பி. நோயாளிகளுக்கு ஒரு திட்டம் நடத்தினோம். வீடு தேடி மாத்திரை, மாதம் ஒரு அளவீடு, நர்ஸ் ஆலோசனை. ஆறு மாதத்தில் சராசரி மேல் அளவு 156-லிருந்து 143 ஆனது. வெற்றி என்று அறிக்கை எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இறங்கிய 13-ல் உங்கள் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்லாது.

ஆட்களைச் சேர்த்த விதத்தை முதலில் பாருங்கள். முகாமில் ஒரே ஒரு முறை அளந்து, 140-க்கு மேல் இருந்தவர்களைச் சேர்த்திருந்தால், வெயிலில் நடந்து வந்த களைப்பிலும் டாக்டரைக் கண்ட படபடப்பிலும் அன்றைக்கு மட்டும் ஏறியிருந்தவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்களுக்கு அடுத்த முறை இறங்கும். வெவ்வேறு நாளில் இரண்டு தடவை அளந்து சேர்ப்பதே முறை. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு எடுத்துச் சராசரி போடுங்கள்.

ரெஜிஸ்டரையும் ஒரு முறை புரட்டுங்கள். டிஜிட்டல் கருவியில் ஏறக்குறைய பத்தில் ஓர் அளவுதான் 0-வில் முடிய வேண்டும்; பாதி அப்படி முடிந்தால் யாரோ முழு எண்ணாக்கி எழுதுகிறார்கள். ஆறாம் மாதத்தில் 138 மட்டும் வரிசை கட்டி நின்றால், இலக்கு 140 என்பது எழுதுகிறவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! 600 பேரில் கடைசியாக அளந்தது எத்தனை பேரை என்பதும் முக்கியம். மாத்திரையை நிறுத்தியவர்கள்தான் பெரும்பாலும் அகப்படாமல் போவார்கள்.

அடுத்த கட்டத்தில் எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். குலுக்கல் போட்டு, இரண்டு மாதத்துக்கு மூன்று நிலையம் என்று சேருங்கள். காத்திருக்கும் நிலையங்களே ஒப்பீட்டுக் குழு. கடைசியில் எல்லோருக்கும் திட்டம் கிடைப்பதால் மேலிடத்தில் அனுமதி வாங்குவதும் சுலபம். காத்திருக்கும் இடங்களிலும் அதே முறையில் அளந்தாக வேண்டும். கோடையில் பி.பி. சற்று இறங்கும் என்பதால் மாதத்தையும் கணக்கில் சேருங்கள்.

600 பேர் என்பதும் 600 அல்ல. ஒரே நிலையத்து நோயாளிகள், ஒரே டாக்டர், ஒரே மருந்து இருப்பு என்பதால் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 என்று வைத்தால், 1 + (50 − 1) × 0.05 = 3.45. 600-ஐ இதால் வகுத்தால் சுமார் 174 பேருக்கான பலம்தான் மிஞ்சும். ஒரு நிலையத்தில் ஆளைக் கூட்டுவதைவிட நிலையங்களைக் கூட்டுவதே பலன் தரும்.

வேலை நடந்ததும் பலன் கிடைத்ததும் வேறு வேறு. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்த பெட்டர்பர்த் ஆய்வில், பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலோடு எட்டு மாதம் நேரடிப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் மாதத்தில் பயிற்சி பெற்ற இடங்களில் 72.8 சதவீதச் செயல்கள் சரியாக நடந்தன. மற்ற இடங்களில் 41.7. பயிற்சி முடிந்த பின், பன்னிரண்டாம் மாதத்தில், 61.7-க்கு 43.9. தாய் சேய் இறப்பில் வித்தியாசமே இல்லை. இரண்டையும் தனித்தனியாக அளந்திருந்ததால்தான் அது தெரிந்தது.

ஆகவே மாத்திரை கைக்குப் போன தேதி, மருந்து இருப்பு இல்லாத நாட்கள், நர்ஸ் பேசிய நிமிடங்கள் ஆகியவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். பி.பி. இறங்காத நிலையத்தில் மருந்தே வரவில்லையா, வந்தும் பலிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றுதான் வழி.

கையிலுள்ள டேட்டாவை வீணாக்க வேண்டாம். திட்டம் நடக்காத பக்கத்து ஒன்றியத்தில், அதே மாதங்களில், அதே விதிப்படி சேர்ந்தவர்களின் அளவுகளை எடுங்கள். அங்கே 9 இறங்கியிருந்தால், உங்கள் அறிக்கையில் எழுத வேண்டிய எண் 4.