மைட்டர் சா: கட்டை ஆடுனாதான் வம்பு

கேள்வி: சார், புதுசா 10 இன்ச் மைட்டர் சா (பிளேடை மேல இருந்து இறக்கி கட்டையைக் குறுக்க வெட்டுற மெஷின் ரம்பம்) வாங்கி வீட்டு ஒர்க்‌ஷாப்ல போட்டிருக்கேன். நீளக் கட்டை எல்லாம் அருமையா அறுக்குது, ஆனா ஓரத்துல சின்னத் துண்டு வெட்டுறப்ப மட்டும் டப்புன்னு ஒரு சத்தம், துண்டு எகிறிப் போய் சுவத்துல அடிக்குது. பிளேடு கோளாறா?

பதில்: பிளேடு பாவம், அதைத் திட்டாதீங்க. நிமிஷத்துக்கு 5000 சுத்து வரைக்கும் சுத்துற பிளேடு அது, முன்பக்கத்துப் பல்லு கீழ இறங்குது, ஃபென்ஸ் (கட்டையைச் சாத்தி வைக்கிற பின்பக்கத் தடுப்பு) பக்கம் இருக்குற பல்லு மேல ஏறுது. ஃபென்ஸுக்கு நடுவுல பிளேடு போக ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க இல்லையா, அறுந்த சின்னத் துண்டுக்குப் பின்னாடி முட்டுக் கொடுக்க அங்க ஒண்ணுமே கிடையாது, அதனால அது லேசா திரும்பி அந்த ஏறுற பல்லுல மாட்டுது, அவ்ளோதான், பறந்துடும். நிறைய பேர் பண்றது என்னன்னா, அறுத்து முடிச்ச கையோட பிளேடு சுத்திக்கிட்டு இருக்கும்போதே மோட்டாரும் பிளேடும் இருக்குற தலைப்பாகத்தை மேல தூக்கிடுறாங்க. நீங்களும் அப்படித்தான் பண்றீங்கன்னு நினைக்கிறேன். அறுத்து முடிஞ்சதும் கீழயே வச்சுக்கிட்டு சுவிட்சை விடுங்க, பிளேடு முழுசா நிக்கட்டும், அப்புறம் தூக்குங்க. பாதி பிரச்சனை இதுலயே போயிடும்.

மீதிக்கு, நேரான ப்ளைவுட் பட்டை ஒண்ணை ஃபென்ஸ் முழு நீளத்துக்கும் முன்னாடி வச்சு, ஃபென்ஸ்ல இருக்குற ஓட்டை வழியா பின்னாடி இருந்து ஸ்க்ரூ பண்ணிடுங்க (ஸ்க்ரூ பிளேடு போற பாதையில வந்துடக் கூடாது, அதைப் பாத்துக்கோங்க), பண்ணிட்டு ஒரு தடவை அறுத்தீங்கன்னா பிளேடு அகலத்துக்கு மட்டும் ஒரு கோடு விழும், அதுக்கப்புறம் எவ்வளவு சின்னத் துண்டா இருந்தாலும் பின்னாடி முட்டு இருக்கும். இன்னொண்ணு, ஒரே அளவுல நாலஞ்சு துண்டு வேணும்னு ஸ்டாப் கட்டை (அளவு மாறாம இருக்க முனை போய் முட்டி நிக்கிற கட்டை) வச்சா, நீங்க பிடிச்சிருக்கிற பக்கம் மட்டும் வைங்க. அறுந்து விழுற பக்கம் வச்சா துண்டு பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல மாட்டிக்கும், அப்ப சுவத்தோட நிக்காது.

கேள்வி: கை எவ்வளவு தள்ளி இருக்கணும்?

பதில்: பிளேடுக்கு ரெண்டு பக்கமும் 6 இன்ச், அதாவது 15 சென்டிமீட்டர், அதுக்குள்ள கை வரவே கூடாது. மெஷின் டேபிள்லயே கோடு போட்டிருப்பாங்க, இல்லேன்னா நீங்களே சிவப்பு டேப் ஒட்டிக்கோங்க. துண்டு சின்னதா இருந்து கை அந்தக் கோட்டைத் தாண்டுதுன்னா கிளாம்ப் (கட்டையை இறுக்கிப் பிடிக்கிற பிடி) போடுங்க, கிளாம்ப் போடவும் இடமில்லேன்னா அந்தத் துண்டை இந்த மெஷின்ல அறுக்காதீங்க, கை ரம்பம் எதுக்கு இருக்கு? முடிஞ்ச வரைக்கும் நீளக் கட்டையிலயே அளந்து வெட்டி எடுத்தா இந்தச் சிக்கலே வராது. அப்புறம் வலது கையில ஹேண்டில், இடது கை பிளேடைத் தாண்டி வலது பக்கத்துக் கட்டையைப் பிடிக்குது, இந்த மாதிரி கை குறுக்க போற வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பாதி அறுக்கும்போது பிளேடு இறுகி நின்னுடுது. கட்டை கொஞ்சம் வளைஞ்சிருக்கு, அதனாலயா?

பதில்: அதனாலதான். வில்லு மாதிரி வளைஞ்ச கட்டையில புடைச்ச பக்கம் ஃபென்ஸைத் தொடணும், அதுவும் அறுக்குற கோட்டுல இடைவெளியே இல்லாம தொடணும், அப்பதான் அறுக்க அறுக்க வெட்டு விரியும். திருப்பி வச்சா பின்னாடி இடைவெளி விழுந்து, வெட்டு மூடிக்கிட்டு பிளேடை ரெண்டு பக்கமும் கவ்வும். நீளக் கட்டைன்னா வெளியில தொங்குற முனைக்கு டேபிள் உயரத்துக்கே முட்டுக் கொடுங்க, முனை தொங்கினாலும் இதே கதைதான். கட்டை முறுக்கிக்கிட்டு டேபிள்ல ஆடுதுன்னா முதல்ல இழைச்சு சமமாக்குங்க.

கேள்வி: கிளவுஸ் போட்டுக்கிட்டா சேஃப்தானே?

பதில்: இல்லைங்க. துணி பல்லுல மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். தொளதொளன்னு முழுக்கை, தொங்குற சங்கிலி, விரிச்ச முடி எல்லாத்துக்கும் இதே பதில்தான். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, மூக்குக்கு தூசி மாஸ்க், இது மூணும் போதும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) அறுத்தா மாஸ்க்கை மட்டும் விட்டுடாதீங்க, அந்தத் தூள் மாவு மாதிரி காத்துலயே நிக்கும்.

கேள்வி: என்னோடது ஸ்லைடிங் மாடல், தலைப்பாகம் முன்னாடி பின்னாடி நகரும். இழுத்து அறுக்கணுமா, தள்ளி அறுக்கணுமா?

பதில்: தள்ளித்தான். மோட்டார் ஆஃப்ல இருக்கும்போதே தலைப்பாகத்தை உங்க பக்கம் முழுசா இழுங்க, அப்புறம் சுவிட்சைப் போட்டு முழு வேகம் வந்ததும் கீழ இறக்கி ஃபென்ஸ் பக்கம் நிதானமா தள்ளுங்க. இழுத்துக்கிட்டே அறுத்தா பிளேடு கட்டை மேல ஏறி உங்களைப் பாத்து ஓடி வரும்.

கேள்வி: டேபிள் சா (மேசைக்கு மேல நீட்டியிருக்குற பிளேடுல கட்டையைத் தள்ளி அறுக்குற மெஷின்) பிளேடு ஒண்ணு சும்மா கெடக்குது, 24 பல்லு. அதை மாட்டலாமா? பழைய பிளேடைக் கழட்டப் பாத்தா போல்ட் வேற அசைய மாட்டேங்குது.

பதில்: 24 பல்லு நீளவாக்குல கிழிக்கிற பிளேடு, அதோட பல்லு முன்பக்கம் நல்லா சாஞ்சு கட்டையைக் கொத்தி இழுக்கும். மைட்டர் சாவுக்குப் பல்லு நேரா, இல்லேன்னா கொஞ்சம் பின்பக்கம் சாஞ்சு இருக்கணும், 60 பல்லு இருந்தா வெட்டும் சுத்தமா வரும். பிளேடுல போட்டிருக்கிற அதிகபட்ச வேகம் உங்க மெஷின் வேகத்தைவிடக் குறைவா இருக்கக் கூடாது. போல்ட் விஷயம், நிறைய மெஷின்ல அது இடது மரை, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும், நீங்க இவ்வளவு நேரம் இறுக்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க, சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு விட்டுடாதீங்க.