சலாலாவில் ஓர் ஓட்டல் அறை

அன்புள்ள தம்பி,

மஸ்கட்டுக்கு வந்த நாள் முதல் ஊர் நினைப்பு உறங்க விடவில்லை என்றும், முதல் விடுப்புக்கு இன்னும் நெடுநாள் இருப்பதால் மனத்தைத் தேற்ற என்ன வழி என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் திருவட்டாறு, நான் குலசேகரம் என்பதால் எனக்குப் பலன் தந்த ஒன்றையே சொல்கிறேன்: ஜூலையிலோ ஆகஸ்டிலோ சில நாள் விடுமுறை சேர்ந்து வந்தால், சலாலாவுக்குப் போய் ஓர் ஓட்டலில் தங்குங்கள்.

மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, ஓமனின் தெற்கே தோஃபார் மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழையாகக் கொட்டும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, அங்குள்ள மலைகளில் மோதி, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தூறலும் மூடுபனியுமாகத் தங்கிவிடுகிறது. அந்தப் பருவத்தைக் கரீஃப் என்பார்கள். மஸ்கட் 40 டிகிரிக்கு மேல் காய்கிற நாள்களில் அங்கே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தென்னையும் வாழையும் பப்பாளியும் தோப்பு தோப்பாக நிற்கும்.

நான் தங்கியது ஊருக்குள் ஒரு சாதாரண ஓட்டல். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால், தென்னோலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவைத்து நாற்காலியில் விரித்த சட்டை மறுநாளும் காயாமல் ஈரவாடை அடித்தது. அந்த வாடையில்தான், மழைக்காலத்தில் அம்மா எங்கள் பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டதும், புகை மணக்கும் சட்டையோடு நான் வகுப்பில் இருந்ததும் நினைவுக்கு வந்தன. மழை விடாமல் பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நடக்காது. வெட்டுக்குப் போக முடியாத அப்பா திண்ணையில் இருந்து வானத்தையே பார்ப்பார். அந்த வாரம் கூலி இல்லை என்பது சிறுவர்களான எங்களுக்கும் தெரியும். இரவுக்கு மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் இருக்கும். அதுவரை மஸ்கட்டில் நான் ஏங்கிக் கிடந்தது திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று காலண்டரில் வரும் ஊரை நினைத்து. எங்கள் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த அறையில்தான்.

அன்றிரவு அம்மாவை அழைத்து, "மழை தோர்ந்துதா (விட்டதா), அப்பா வெட்டுக்குப் போனாரா?" என்று கேட்டேன். சுகமா, சாப்பிட்டாயா என்பதோடு முடிந்துவிடும் பேச்சு அன்று வெகுநேரம் நீண்டது. பிறகு பலாவில் எத்தனை சக்கை, ரப்பர் ஷீட் என்ன விலை போகிறது என்றே எங்கள் பேச்சு நடக்கிறது. என் ஏக்கத்தை அது தணித்த அளவுக்கு வேறெதுவும் தணிக்கவில்லை. ஊர்க்காரர் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். வேலையில் சிக்கல் வந்தால் முதலில் கைகொடுப்பவர்கள் அவர்கள்தாம்.

கரீஃப் காலத்தில் அறை வாடகை வெகுவாக ஏறும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கடற்கரைச் சொகுசு விடுதி வேண்டாம். திறக்கக்கூடிய ஜன்னல் உள்ள அறை, தோப்பைப் பார்த்து இருந்தால் போதும். பேருந்துப் பயணம் ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். தஹாரீஸ் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் கிடைக்கும். கடலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஆடி மாதத்து முட்டம் கடல் போலவே அங்கும் அலை சீறும்.