பெட்டியில் 7200 டிபிஐ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

கேள்வி: தக்கலையில் அப்பா நடத்திவந்த ஸ்டூடியோவை மூடிவிட்டோம். கல்யாண நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. பாதி 35 மி.மீ. கலர், மீதி 120 (அகலமான ரோல் ஃபிலிம்) கறுப்பு வெள்ளை. எப்சன் வி600 ஸ்கேனர் பெட்டியில் 6400 டிபிஐ, பிளஸ்டெக் 8200ஐ ஸ்கேனர் பெட்டியில் 7200 டிபிஐ என்று இருக்கிறது. எதில் படம் ஷார்ப்பாக வரும்?

பதில்: இரண்டு எண்ணையும் ஓரமாக வையுங்கள். டிபிஐ என்பது சென்சார் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற கணக்கு மட்டுமே. லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்காது. நெருக்கமான கோடுகள் பதித்த யூஎஸ்ஏஎஃப் 1951 சோதனைத் தகட்டை ஸ்கேன் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரிந்து தெரிகிற கடைசிக் கோடுகள் மில்லிமீட்டருக்கு எத்தனை ஜோடி என்று பார்த்து 50.8 ஆல் பெருக்குங்கள். 32 ஜோடி என்றால் 1626 டிபிஐ, 64 என்றால் 3251. வி600 முதல் எண்ணுக்குப் பக்கத்திலும், 8200ஐ இரண்டாவதற்குப் பக்கத்திலும் நின்றுவிடும். அதற்கும் பிளஸ்டெக்கை 7200இல் ஓடவிட்டுப் பிறகு பாதியாகச் சுருக்க வேண்டும்.

35 மி.மீ. நெகட்டிவிலிருந்து 8×12 அங்குலப் பிரிண்டுக்கு ஏறத்தாழ 2540 டிபிஐ தேவை. வி600க்கு அது எட்டாது. ஆனால் 120இல் 6×6 செ.மீ. படத்துக்கு 1600 டிபிஐயே 12 அங்குலச் சதுரப் பிரிண்டுக்குப் போதும். பிளஸ்டெக்கில் 120 நுழையவே நுழையாது. ஆக, உங்களுக்கு ஒரே மெஷினில் வேலை முடியாது. முதலில் பிளஸ்டெக்கை வாங்கி கலரை முடியுங்கள், 120ஐ வி600இல் போடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எப்சன் வி850 பார்க்கலாம், 35 மி.மீ.யில் அது பிளஸ்டெக்குக்குச் சற்று இளைத்ததுதான்.

கடையில் ஒப்பிடும்போது உங்கள் நெகட்டிவ் ஒன்றையே இரண்டிலும் போட்டுப் பாருங்கள். ஷார்ப்பனிங், தூசி நீக்கம் இரண்டையும் அணைத்துவிட்டு 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, ஒரே அளவுக்குச் சுருக்கி, புடவைக் கரையையும் கண்ணிமையையும் பாருங்கள். நடு ஷார்ப்பாகவும் ஓரம் மங்கலாகவும் இருந்தால் குற்றம் மெஷினில் இல்லாமலும் இருக்கலாம். சுருண்ட ஃபிலிம் ஃபோகஸை விட்டு விலகியிருக்கும். உறையோடு கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் வைத்து மறுபடி பாருங்கள். வி600இன் ஹோல்டருக்கு உயரத் திருத்தம் கிடையாது. நாலு மூலையிலும் விசிட்டிங் கார்டுத் துண்டு வைத்து உயர்த்தியும் ஒரு ஸ்கேன் எடுத்தால் எந்த உயரம் சரி என்று தெரிந்துவிடும்.

அகச்சிவப்பு தூசி நீக்கத்தை கலருக்கு மட்டும் போடுங்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அகச்சிவப்பு அதைத் தாண்டாது, படத்தையே தூசி என்று எண்ணித் துடைத்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், போதாததற்குக் கடல்காற்று. பூஞ்சை இல்லாத பெட்டி அபூர்வம். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்: பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே போய்விடும். 99% ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, முதலில் படமில்லாத நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துடையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் 70% வேண்டாம், மீதி தண்ணீர்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேள்வி: ஆன்லைனில் சின்னப் பெட்டி போல "22 மெகாபிக்சல்" ஸ்கேனர் மலிவாக வருகிறதே?

பதில்: அது ஸ்கேன் செய்வதில்லை, உள்ளே இருக்கும் சிறு கேமரா சென்சார் ஒரு போட்டோ எடுக்கிறது. 22 என்பது பெரும்பாலும் ஊதிப் பெருக்கிய எண். விவரப் பட்டியலில் "இன்டர்போலேஷன்" (இல்லாத புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புவது) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப் போதும், ஆல்பம் போட ஆகாது.