தெருவே கூடிக் கூப்பிட்டால் மணி வராது

கேள்வி: எங்கள் நாய் மணிக்கு நான்கு வயது. வெளியாட்களிடம் எப்போதும் கொஞ்சம் கூச்சம். மூன்று நாளைக்கு முன் பலத்த இடி இடித்தபோது, என் பத்து வயது மகன் தாழ்ப்பாள் போடாமல் விட்ட கேட் வழியாக மிரண்டு ஓடிவிட்டது. அக்கம்பக்கத்தார் இருபது பேர் தினமும் மாலையில் எங்களோடு வந்து, தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறார்கள். கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் அருகே இரண்டு முறை கண்ணில் பட்டது. இரண்டாம் முறை என்னைப் பார்த்தே ஓடியது. என்னை மறந்துவிட்டதா? மற்றவர்களை இன்னும் எத்தனை நாள் தொந்தரவு செய்வது? ஆத்திரத்தில் மகனைத் திட்டிவிட்டேன். மணி அவன் கட்டிலருகில்தான் தூங்கும். அவன் இப்போது சரியாகச் சாப்பிடுவதே இல்லை. - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, மணி உங்களை மறக்கவில்லை. அது ஓடியதைப் பார்த்த உங்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனாலும் நம்புங்கள்.

பயத்தின் உச்சத்தில் இருக்கும் நாய்க்குத் தப்பிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றும். நாய்க்குத் தூரப் பார்வை நம்மைவிடக் குறைவு. நாம் 75 அடியில் தெளிவாகப் பார்ப்பதை அது சுமார் 20 அடிக்கு வந்தால்தான் அதே தெளிவோடு பார்க்கும் என்பது பொதுவான கணக்கு. உங்களை அது உறுதியாக அறிவது மூக்கால். அன்று காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசாமல் இருந்திருக்கலாம். அதன் கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் போட்டுக்கொண்டு வேகமாக நெருங்கிய ஓர் உருவம். அதனால் ஓடியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் மாலைத் தேடலை நினைத்துப் பாருங்கள். இருபது பேர், இருபது குரல், நான்கு பக்கமும் காலடிச் சத்தம். அத்தனை பேரும் அன்போடு வந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மணிக்கு அது வேட்டை. விரட்ட விரட்ட அது தெரிந்த இடத்தை விட்டு விலகிப் போகும், அல்லது வண்டிகள் ஓடும் சாலையில் போய் விழும். எனக்குப் பெரிய பயமே அந்தச் சாலைதான். அதனால் கூட்டமாகப் போய்க் கூப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள்.

நிறுத்துவதென்றால் உதவியே வேண்டாம் என்றில்லை. உங்களுக்கு இப்போது அவர்களுடைய கண்கள் வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் இருந்தபடியே பார்க்கட்டும்: கொல்லைப்புறம், மாடிப்படிக்குக் கீழ், நிறுத்தி வைத்த வண்டிகளின் அடி, புதர் மண்டிய காலி மனை. பயந்த நாய் பகலெல்லாம் பதுங்கியிருந்துவிட்டு, நடமாட்டம் அடங்கிய இரவிலும் விடிவதற்கு முன்பும்தான் பெரும்பாலும் வெளியே வரும். தூக்கம் வராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர், இரவுக் காவலாளி, அதிகாலையில் செய்தித்தாள் போடும் பையன், தெரு பெருக்குபவர் ஆகியோரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மாலையில் வந்த இருபது பேரைவிட இவர்கள் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். இருட்டில் டார்ச் அடித்தால் நாயின் கண் பளபளக்கும், அதுவும் உதவும்.

பார்த்தவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அசையாமல் நிற்பது, முடிந்தால் போனில் படம் எடுப்பது, எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனது என்று ஒரே ஒரு எண்ணுக்குச் சொல்வது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கிட்டே போகவும் கூடாது. போஸ்டரிலும் இதையே பெரிய எழுத்தில் போடுங்கள்: 'பயந்த நாய். துரத்தாதீர்கள். பார்த்ததும் அழையுங்கள்.' ஒரு நல்ல படம், ஒரு எண், அவ்வளவு போதும். பரிசுத் தொகை அச்சிட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்காகவே நாலு பேர் துரத்துவார்கள். மணியின் உடம்பில் உள்ள ஏதாவது ஓர் அடையாளத்தைப் போஸ்டரில் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். 'நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு' என்று யாராவது அழைத்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் நேரில் போவது நல்லது. போனில் நீங்கள் சொல்லும் நிறமும் அவர்கள் குறித்து வைத்திருக்கும் நிறமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் சிறு அடையாளச் சில்லு) போட்டிருந்தால், அதன் பதிவேட்டில் உள்ள உங்கள் போன் எண் சரியா என்று பாருங்கள். அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது ஸ்கேன் செய்தால் ஓர் அடையாள எண்ணை மட்டும் சொல்லும், அதை வைத்துப் பதிவேட்டில் உங்களைத் தேட வேண்டும்.

இனி அந்தக் கட்டடம். இரண்டு முறை அங்கேயே தென்பட்டிருக்கிறது என்றால் மணி அதைத் தன் மறைவிடமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே தண்ணீர், வாசனை தூக்கலாக இருக்கும் உணவு, மணியின் படுக்கைத் துணி, மகன் போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டை ஆகியவற்றை வையுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். வேறு நாயோ பூனையோ தின்றுவிடலாம், அதனால் தட்டு காலியானதை வைத்து முடிவு செய்யாமல் தூரத்திலிருந்து யாராவது பார்க்க வேண்டும். இரக்கப்பட்டு ஆளாளுக்கு ஒரு மூலையில் சோறு வைக்க வேண்டாம் என்றும் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். எல்லா இடத்திலும் கிடைத்தால் மணி ஓரிடத்தில் நிலைக்காது.

அது கண்ணில் பட்டதும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் இருங்கள். தின்பண்டத்தை மெல்லத் தரையில் போட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டிருங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். கிட்டே வந்தாலும் பாய்ந்து பிடிக்காதீர்கள். அது முகர்ந்து, உங்கள் மேல் ஒட்டி, கையிலிருந்து நாலைந்து தடவை வாங்கித் தின்ற பிறகு கயிற்றை மாட்டுங்கள். பக்கத்து வீட்டில் மணிக்குப் பழகிய சாதுவான நாய் இருந்தால் அதைக் கயிற்றோடு பக்கத்தில் உட்கார வைப்பதும் பலன் தரும். தப்பித்தவறி யாரையாவது கடித்துவிட்டால், லேசான கீறல்தானே என்று விடாமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தொந்தரவு செய்கிறோமே என்று தயங்குகிறீர்கள். மூன்று நாளாகத் தெருவில் இறங்கி நடந்தவர்கள் அவர்கள். வீட்டிலிருந்தே பார்த்தால் போதும் என்பது அவர்களுக்கும் சுலபம்தான். தினமும் இரவில் அன்றைய நிலவரத்தை இரண்டு வரியில் எல்லோருக்கும் அனுப்புங்கள். எதுவும் தெரியாமல் இருந்தால்தான் ஆட்கள் மெல்ல விலகிப் போவார்கள்.

அப்புறம், உங்கள் மகன். எனக்கு மணியைவிட அவனைப் பற்றித்தான் கவலை. பத்து வயதுப் பையன் ஒரு தாழ்ப்பாளை மறந்தான், அவ்வளவுதான். இடி இடித்த நேரத்தில் பெரியவர்களும் மறந்திருப்பார்கள். 'கோபத்தில் திட்டிவிட்டேன், அது தப்பு' என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தலையைத் தடவிக் கொடுத்தால் அவனாகப் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பெரிய தாளில் உங்கள் தெருக்களை அவன் வரையட்டும். தகவல் வர வர நேரத்தையும் திசையையும் குறிக்கட்டும். இரண்டு மூன்று நாளில் மணி எந்த வழியாக வந்து போகிறது என்பது அந்தத் தாளில் தெரிய ஆரம்பிக்கலாம். இரவில் கட்டடத்தருகே நீங்கள் உட்காரும்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும்.

மணி வீட்டுக்கு வந்த அன்று உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காயமோ உண்ணியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு விலங்கு கடித்த தடம் இருந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி அவரிடம் கேளுங்கள். சில வாரம் வாசலில் இறங்கினாலும் கயிற்றோடுதான் இறங்க வேண்டும். தேடிய இருபது பேரும் அதைப் பார்க்க ஆசைப்படுவார்கள். முதலில் படம் அனுப்புங்கள். சில நாள் கழித்து ஒருவர் ஒருவராக வந்து, சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.