மே மாதம் கரையோரம் கிடைத்த சால்மன், ஜூனில் ஒன்டாரியோ ஏரியில் எங்கே போகிறது?

மேல்நீர் சூடாகிவிடுவதால் மீன் குளிரைத் தேடி இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். டவுன்ரிகர் (படகிலிருந்து கம்பியில் குண்டைக் கட்டி, தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) குண்டோடு வெப்பமானியையும் இறக்குங்கள். 12 டிகிரி செல்சியஸ் காட்டும் ஆழத்தில் ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுங்கள். கம்பி பின்னால் சாய்ந்தால், இறக்கிய கம்பியை அளக்கும் மீட்டர் என்ன காட்டினாலும் குண்டு அதற்கு மேலேதான் நிற்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கரையிலிருந்து ஏரிப்பக்கம் பலத்த காற்று அடித்தால் சூடான மேல்நீர் விலகி அடிக்குளிர் மேலேறும். நேற்றைய ஆழம் இன்று உதவாது. திரும்ப அளந்து பாருங்கள்.

ஏரி ட்ரவுட் மீனுக்கு இன்னும் குளிர் வேண்டும்: சுமார் 8–10 டிகிரி, தரையை ஒட்டி.

வால்ஐ மீன் வேண்டுமானால் ஏரியின் வடகிழக்கில் உள்ள குவின்டே விரிகுடாப் பக்கம் போங்கள். மண்புழு கோத்த ஸ்பின்னர் (சுழலும் தகடு உள்ள தூண்டில்), சால்மனுக்கு இழுத்ததில் பாதி வேகம். புழுவை நேராகக் கோக்காவிட்டால் அது சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.