முதுமலைக் காட்டில் கூடாரம் அடிக்கலாமா?

வணக்கம். நண்பருடன் முதுகுப்பையும் கூடாரமுமாகக் காரில் உதகையிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியே மூன்று நாள் செல்ல எண்ணுவதாகவும், முதல் நாள் மாலையே கல்லட்டி வழியாக இறங்கிக் காட்டோரம் தங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தங்குவது குற்றம். அதைவிட முக்கியம், முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கம் அந்தி சாய்ந்ததும் யானைகள் சாலையோரத்துக்கே வந்துவிடும் என்பது. கூடலூரில் வளர்ந்த எனக்கு இன்றும் இருட்டியபின் அவ்வழியே செல்லத் துணிவில்லை. மசினகுடியில் அறை எடுத்துத் தங்குவதே சரி.

கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கத்தில் பிரேக் சூடேறிச் செயலிழந்து பல விபத்துகள் நடந்ததால், வெளி மாவட்ட வாகனங்கள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே நடுவட்டம், கூடலூர் வழியாக முதுமலையிலுள்ள தெப்பக்காட்டுக்கு வாருங்கள். தொலைவு கூடும், ஆனால் பைக்காராவும் தேயிலைச் சரிவுகளும் வழியெங்கும் துணைவரும், என் கண்ணுக்கு அதுவே அழகான பாதை.

பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதால், பிற்பகலிலேயே கர்நாடக எல்லையைக் கடந்துவிடுங்கள். நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இங்கே தடை. வரையாடுகள் வாழும் முக்குருத்தி தேசியப் பூங்காவை இம்முறை சேர்க்க வேண்டாம். வனத்துறை அனுமதியின்றி அங்கே நுழைய முடியாது.